பதினாறாம் கட்டிலுக்குப் படம் வரவில்லை

ஜூன் 10, செவ்வாய்

தண்ணீர்த் தொட்டி கழுவியாயிற்று. உள்ளே ஒரு பல்லி நீந்திக்கொண்டிருந்தது. அதற்கு பெர்மிட் இருக்கிறதா என்று நேப்பாளி தாப்பாவைக் கேட்டேன். அவனுக்குச் சிரிப்பு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். நைட் ஷிப்ட் முடித்து வந்த களைப்பு வேறு. குளித்துவிட்டு வந்து சிரித்தான்.

மூன்றாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எழுத்து மறந்துபோகக்கூடாது என்றுதான் இந்த டைரி. மறந்துபோனால் என் மனைவி அங்கம்மா சும்மா விடமாட்டாள். லாயாங் லாயாங்கில் வீட்டில் இருந்தபடியே போனில் கேலி செய்வாள்.

இன்றைய விஷயம், ஹாஸ்டலில் நெட் படுத்துவிட்டது. ஹாஸ்டல் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. மாசாயில் எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பின்னால் ஒரு பழைய ஸ்டோர். அதில் கட்டில் போட்டு, மலேசியாவுக்கு வேலைக்கு வந்த வெளிநாட்டு ஆட்களை வைத்திருக்கிறார் எங்கள் முதலாளி, தவுக்கே லோ. பேக்டரிகளுக்கு ஆள் கொடுப்பது அவர் தொழில். அந்த ஆட்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். வார்டன் என்று பெயர். சோறு, சண்டை, கக்கூஸ் அடைப்பு மூன்றுக்கும் ஒரே வார்டன்.

போன மாதம் இரண்டு பேர் சுவரேறி ஓடிவிட்டார்கள். அதிலிருந்து ஏழு மணிக்குமேல் கேட் பூட்டு. வாசலில் கேமரா. தவுக்கே தன் வீட்டில் சாய்ந்துகொண்டு எங்கள் வாசலைப் பார்க்கிறார். இவன்கள் எல்லாரும் போனில் படம் போட்டால் அவருடைய கேமரா படம் திக்குகிறதாம். அதனால் ஒரு பெட்டி வாங்கி வைத்து, ஆளுக்கு இவ்வளவுதான் லைன் என்று அளந்து விட்டிருக்கிறார். பெட்டிக்கு ஃபயர்வால் என்று பெயர். வால் என்றால் சுவராம். பார்த்தால் பிஸ்கட் டின் அளவுதான் இருக்கிறது.

ஜூன் 11, புதன்

எல்லாரும் என்னைத் திட்டினார்கள். பங்களாதேஷ்காரர்கள் அவர்கள் பாஷையில், தாப்பா அவன் பாஷையில். புரியாத பாஷையில் திட்டு வாங்குவது ஒரு சுகம். நன்றாகத் தலையாட்டினேன்.

மதிவாணன் மட்டும் திட்டவில்லை. பதினாறாம் கட்டில். அறந்தாங்கிப் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும். இங்கே எனக்குத் தமிழில் வாயாட இருக்கிற ஒரே ஆள். குழாயடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னா மாப்ளே, பொண்டாட்டி மூஞ்சி சரியா தெரியலன்னா கொடுத்து வச்சவன்லா நீ" என்றேன்.

எப்போதும் சிரிக்கிறவன் சிரிக்கவில்லை. "மூஞ்சி தெரியாட்டி பரவால்லண்ணே. கை தெரியணும்" என்றான்.

அவன் மனைவி கஸ்தூரிக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. இன்றுதான் எனக்குத் தெரியும். நான் இங்கே வந்த நாளிலிருந்து சாயங்காலம் சாயங்காலம் இவன் போனுக்கு முன்னால் கையை ஆட்டுவதைப் பார்த்து, கொசு விரட்டுகிறான் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

"சொல்லியிருக்கலாம்லா."

"நீங்க சிரிக்கிறது நல்லாத்தான் இருந்துச்சுண்ணே."

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிற கைப்பாஷை இல்லையாம் அது. அவள் பள்ளிக்கூடமே போகவில்லை, எழுத்து தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கிக்கொண்ட பாஷை. உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த பாஷை. அதைத்தான் பெட்டி அளந்து விடுகிறது.

ஜூன் 13, வெள்ளி

தவுக்கே வந்தார். இரண்டு வருஷம் முடிகிறவர்கள் மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து, இல்லாவிட்டால் ஊருக்கு டிக்கெட். மதிவாணன் அந்தக் கூட்டத்தில் இருக்கிறான்.

"என்னா செய்யப் போற?" என்று கேட்டேன்.

"கஸ்தூரியைக் கேக்கணும். அவ இருன்னா இருக்கேன். வான்னா போயிடுறேன். போன தடவை அவளைக் கேக்காம வந்துட்டேன்."

சாயங்காலம் என்னைக் குழாயடிக்குக் கூப்பிட்டான். போனில் கஸ்தூரி. முகம் சதுரம் சதுரமாக உடைந்தது, சேர்ந்தது, மறுபடி உடைந்தது. கை நெஞ்சுக்கு நேராக வந்து அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணே, இதைப் பாருங்க. கை உள்ள வந்தா வான்னு அர்த்தம். வெளிய போனா அங்கயே இருன்னு அர்த்தம். இது வருதா போவுதா?"

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். நின்ற கை என்ன சொல்லும்? வருகிற கையும் போகிற கையும் நடுவில் நின்றால் ஒன்றுதான்.

பிறகு படம் போய், ஒரு பொம்பளைக் குரல் வந்தது. அவனுடைய அண்ணி புஷ்பவள்ளி. போன் அவளுடையது, வீடும் அண்ணனுடையது. "இருக்கத்தான் சொல்றாடா. மாடி பாதியில நிக்குது, இப்ப வந்து என்ன பண்ணப் போறே, கையெழுத்தைப் போடு" என்றாள்.

"அவகிட்ட போனைக் குடுங்கண்ணி."

"அதான் தெரியலங்கிறியே. நான் சொன்னா நம்ப மாட்டியா?"

இவன் போனை வைத்தான். அண்ணி நல்லவள்தான் என்று பிறகு என்னிடம் சொன்னான். நான் கேட்கவே இல்லை.

ஜூன் 16, திங்கள்

தவுக்கேயிடம் போய் நின்றேன். மதிவாணனுக்கு மட்டும் லைனை அவிழ்த்துவிடச் சொன்னேன். "தா போலே" என்றார். அவருக்கு முடியாது என்பதுதான் காலை வணக்கம். விடவில்லை. அவர் மனைவி ஷாப்பிங் போய் அவர் கூப்பிட்டு எடுக்காத அன்றைக்கு எப்படி வியர்த்தார் என்பதை நடித்துக் காட்டினேன். சிரித்துவிட்டார். "சரி, ஒரு கட்டில். ஒன்றுதான்" என்றார்.

பெட்டியைப் பார்த்துக்கொள்கிறவள் ஷாமளா என்ற பெண். ஜொகூர் பாருவில் ஆபீஸ். அங்கிருந்தே எங்கள் பெட்டிக்குள் கையை விடுவாளாம். போன் போட்டேன்.

"எந்தக் கட்டில் அங்கிள்?"

"பதினாறும்மா."

"ஓகே, லிமிட் எடுத்துட்டேன். ட்ரை பண்ணச் சொல்லுங்க."

மதிவாணன் வேலை முடிந்து சட்டைகூட மாற்றாமல் ட்ரை பண்ணினான். அதே சதுரம். அதே நின்ற கை.

ஜூன் 17, செவ்வாய்

பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொன்னாள். செய்தேன். கேமரா நின்றுபோய், தவுக்கே போனில் கத்தினார். இன்னும் யாரோ ஓடிவிட்டார்களாம். நான்தான் ஓடப்போகிறேன் என்றேன்.

படம் வரவில்லை.

ஜூன் 19, வியாழன்

இன்று ஷாமளா எனக்குப் பாடம் எடுத்தாள். வருகிற லைன் வேறு, போகிற லைன் வேறாம். இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு. வருகிறதை மட்டும் திறந்து, போகிறதை விட்டுவிட்டாளாம். இப்போது இரண்டையும் திறந்துவிட்டேன் என்றாள்.

"சமையலறைக் குழாய் மாதிரியாம்மா?"

"அங்கிள், நீங்க என்னைவிட நல்லா சொல்றீங்க லா."

சந்தோஷமாகத்தான் இருந்தது, சாயங்காலம் வரை.

மதிவாணன் போனைத் தலைக்குமேல் பிடித்தான், ஜன்னலில் வைத்தான், பெட்டிக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தான். அந்தப் பக்கம் கஸ்தூரி போனைத் தட்டிப் பார்க்கிறது தெரிந்தது. பெரிய விரல் ஒன்று வந்து திரையை மூடியது. அவளுக்கு எப்படித் தெரியும், இங்கே ஒரு பிஸ்கட் டின் உட்கார்ந்திருக்கிறது என்று? இவன்தான் அசையாமல் இருக்கிறான் என்று நினைத்திருப்பாள். கோபமாக இருக்கிறான் என்று நினைத்திருப்பாள்.

ஜூன் 20, வெள்ளி

ஷாமளா சொல்கிறாள், போன் தன் பெயரை மாற்றி மாற்றிச் சொல்லுமாம். பெட்டி கேட்டால் இன்றைக்கு ஒரு பெயர், நாளைக்கு ஒரு பெயர். அதனால் பெட்டிக்கு இவன் யாரென்று தெரியாமல் போயிருக்கலாமாம். இரண்டு கல்யாணம் செய்தவன் மாதிரி என்றேன். மதிவாணன் கொஞ்சம் சிரித்தான். எங்கேயோ உள்ளே போய், அவள் சொல்லச் சொல்ல அழுத்தி, ஒரே பெயராக்கினோம்.

அதுவும் இல்லை.

பகலில் தாப்பாவின் போனில் பாட்டுப் படம் கொஞ்சமும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பகலில் பாதிப் பேர் வேலைக்குப் போய்விடுவதால் லைன் தாராளமாக இருக்கிறது போலும். சாயங்காலம் அவன் ஷிப்ட்டுக்குப் போகும்போது எல்லாரும் வந்துவிடுகிறார்கள். என்ன செய்ய.

ஜூன் 22, ஞாயிறு

தவுக்கேயிடம் அனுமதி வாங்கி மதிவாணனை என் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனேன். லியாக்கத் அலி பாய் கடையில் வைஃபை நன்றாக இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் பாய் மூலை மேசையை ஒழித்துக் கொடுத்து, டீ போட்டு, பக்கத்து மேசைப் பையன்களைக் கேம் விளையாடாதே என்று அதட்டினார்.

மணி அடித்தது, அடித்தது. எடுக்கவில்லை. அண்ணன் போனை எடுத்துக்கொண்டு எங்கோ வேலையாகப் போயிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. டீ ஆறி ஆடை கட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். திரும்பும்போது மழை. ரெயின்கோட் ஒன்றுதான். நீ போடு நீங்க போடுங்க என்று பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நனைந்தோம்.

ஜூன் 24, செவ்வாய்

ஷாமளாதான் யோசனை சொன்னாள். நேரில் பேச முடியாவிட்டால், அங்கே வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லலாமே, மெதுவாகவாவது வந்து சேரும். நல்ல யோசனை. எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என் தலையில் நானே தட்டிக்கொண்டேன். அண்ணியிடம் சொன்னோம். அனுப்பினாள்.

அது வட்டம் சுற்றிச் சுற்றி வந்து இறங்குவதற்குள் சோறு வெந்துவிட்டது. இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். கஸ்தூரி நிற்கிறாள். போனைப் பிடித்திருப்பவளைப் பார்க்கிறாள். கையை வெளியே தள்ளுகிறாள். இரு. அவ்வளவுதான். முடிந்தது.

"இதோ சொல்லிட்டாளே மாப்ளே" என்றேன்.

அவன் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். "அவ என்னைப் பாக்கலண்ணே" என்றான். "எங்கிட்ட பேசுறப்ப என் கண்ணைத்தான் பாப்பா. இதுல அண்ணியைப் பாக்குறா. சொல்லச் சொன்னதைச் சொல்றா."

நானும் மறுபடி பார்த்தேன். அவன் சொன்னது சரி. அல்லது அவன் சொன்னதால் எனக்கு அப்படித் தெரிந்தது. எனக்குத் தெரியவில்லை. நான் யார் இதைச் சொல்ல.

அங்கம்மாவிடம் போனில் சொன்னேன். "அந்தப் பொண்ணுக்குக் கை இருந்தும் பேச முடியல. நீங்க வாய மூடவே மாட்டேங்கிறீங்க. உங்களுக்குல்ல லிமிட் போடணும்" என்றாள். பிறகு அவளும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. லைன் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் 26, வியாழன்

என் போன் டேட்டாவில் முயன்றோம். இந்த எண்ணெய்த் தொட்டிகளுக்கு நடுவில் சிக்னல் எங்கே இருக்கிறது? பின்பக்கச் சாக்கடை ஓரம் ஒரு கோடு வந்தது. அதில் கஸ்தூரி பச்சைக் கலரில் வந்தாள். பிறகு கலரும் போய்விட்டது.

ஜூன் 28, சனி

நாளைக்கு மறுபடி பாய் கடைக்குப் போகத் தவுக்கேயிடம் அனுமதி கேட்டேன், கையெழுத்து முடியும்வரை யாரும் வெளியே போகக்கூடாது என்றார். தேதியையாவது தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். கேலி ஒன்றும் எடுபடவில்லை. பெர்மிட் ஆபீஸ் தேதி அவர் கையில் இல்லையாம். அது உண்மைதான். எதுவும் யார் கையிலும் இல்லை.

ஷாமளாவை நேரில் வரச் சொல்லிக் கெஞ்சினேன். பொந்தியானில் ஒரு பெரிய வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். புதன்கிழமை கண்டிப்பாக வருகிறேன் என்றாள். "என் ஸ்கிரீன்ல எல்லாம் கரெக்டா இருக்கு அங்கிள். பதினாறுக்கு லிமிட்டே இல்ல. ஏன் வேலை செய்யலன்னு எனக்கே புரியல" என்றாள். அவள் குரலும் அழுகிற மாதிரிதான் இருந்தது. அந்தப் பெண்ணைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

புதன்கிழமை. தாள் திங்கட்கிழமை.

ஜூன் 30, திங்கள்

தவுக்கே காலையிலேயே வந்துவிட்டார். மேசை போட்டு, தாளை அடுக்கி, பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராகப் போனார்கள். மதிவாணனை வேலைக்கு அனுப்பாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

வரிசையில் நின்றபடியே ஒரு தடவை கூப்பிட்டான். படம் வந்தது, உடைந்தது. கை வந்தது, நின்றது. போனை என் பக்கம் திருப்பினான்.

"அண்ணே, நீங்க சொல்லுங்க. வருதா போவுதா?"

எதையெதையோ சொல்லி ஊரைச் சிரிக்க வைக்கிற வாய் இது. வரவில்லை. ஒன்னுமே வரல. நான் என்னத்தச் சொல்றது? வருதுன்னு சொல்லி, அவன் போயி, அங்க அவ இருக்கச் சொன்னதுதான் நெசமா இருந்தா? போவுதுன்னு சொல்லி, அது பொய்யாப் போச்சுன்னா? ரெண்டு பேரோட பாஷையில மூணாவது ஆளு நான் எப்படி வாய வைக்கிறது?

"தெரியல மாப்ளே" என்றேன்.

அதற்குள் அண்ணி குரல் வந்தது. "இருக்கச் சொல்றாடா. எத்தனை தடவை கேப்பே."

போனைப் பையில் போட்டான். போனான். கையெழுத்துப் போட்டான். தமிழில், முழுப் பெயரையும், நிதானமாக.

ஜூலை 2, புதன்

ஷாமளா சொன்ன மாதிரியே வந்தாள். சின்னப் பெண், பெரிய பை. பெட்டியைத் திறந்து பார்ப்பாள் என்று ஸ்டூலைத் துடைத்து வைத்திருந்தேன். அவள் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அந்தக் கட்டிலைக் காட்டுங்கள் என்றாள். வரிசையோடு நடந்து வந்தவள் நின்றாள்.

"அங்கிள், நாலாம் கட்டில் எங்க?"

"நாலு இல்லம்மா."

"இல்லன்னா?"

"தவுக்கேக்கு நாலு ஆகாது. மூணுக்கு அப்புறம் அஞ்சு. பதிமூணுக்கு அப்புறம் பதினஞ்சு. நான்தான் பெயிண்ட் அடிச்சேன்."

அவள் திரும்பிப் போய் முதல் கட்டிலிலிருந்து விரல் நீட்டி எண்ணிக்கொண்டு வந்தாள். மதிவாணன் கட்டிலுக்கு வந்தபோது பதினாலு என்றாள். கட்டில் காலில் என் பெயிண்ட் பதினாறு என்றது.

"அலமாக்" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பெட்டி வைத்த அன்று ஆட்களைக் கட்டில் வரிசையில் நிறுத்தி, போன்களை ஒவ்வொன்றாக அவளுடைய ஆபீஸ் ஆள் பதிந்துகொண்டான். நானும் கூடவே நின்றேன். அவன் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எதையும் விடாமல் போயிருக்கிறான். சீனர் பாஷையில் நாலு என்றால் சாவு என்கிற மாதிரி கேட்குமாம், அதனால் இந்த ஊரில் லிஃப்டில் நாலு இருக்காது, கடை வரிசையில் நாலு இருக்காது. இல்லாத நாலைப் பற்றி யார் யாரிடம் போய்ச் சொல்வார்கள்? நான் பதினாறு என்று சொல்லச் சொல்ல, அவள் தன் பதினாறை அவிழ்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"அப்ப இவ்ளோ நாளா யாருக்கு எடுத்து விட்டேன்?"

இரண்டு கட்டில் தள்ளி, பதினெட்டில், தாப்பா மல்லாந்து படுத்துப் பாட்டுப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் பார்ப்பதைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

ஷாமளா சிரிக்கவும் செய்தாள், கண்ணையும் துடைத்தாள். "மொதல்லயே வந்திருக்கணும் அங்கிள்." நான் காப்பி கலக்கிக் கொடுத்தேன். இனித் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று என் போனிலேயே எதையோ போட்டுக் கொடுத்தாள். மதிவாணன் பெயருக்கு நேரே ஒரு பொட்டு. பச்சையாக இருந்தால் லைன் தாராளம். தட்டினால் சிவப்பு, அளவு விழுந்துவிடும். பச்சையாக்கி விட்டுப் போனாள்.

சாயங்காலம் அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா கூப்பிட்டுப் பார் என்றேன்.

கஸ்தூரி வந்தாள். உடையவில்லை. மூக்குத்தி தெரிந்தது. பின்னால் ஒரு ஆடு காதை ஆட்டியது தெரிந்தது. மதிவாணன் கையை எடுக்கவே மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றாள். படம் நன்றாக இருந்தால் அவளுக்கு அங்கே வேலை இல்லை. அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

கஸ்தூரி போனை எதிலோ சாய்த்து வைத்தாள். திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு இவன் கண்ணைப் பார்த்து, கையை நீட்டி, உள்ளே இழுத்தாள். நெஞ்சைத் தொட்டது. மறுபடி நீட்டினாள், இழுத்தாள். மறுபடி. எனக்கு அந்தப் பாஷை தெரிந்திருக்கத் தேவையே இல்லை.

இவன் காற்றில் கையெழுத்துப் போடுகிற மாதிரி காட்டினான். பிறகு இரண்டு விரலைக் காட்டினான்.

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

ஜூலை 3, வியாழன்

யாரையும் கேலி செய்யவில்லை. தாப்பா வந்து என் நெற்றியில் கை வைத்து, காய்ச்சலா என்று கேட்டான்.

ஜூலை 5, சனி

தவுக்கேயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நாலில்லாத கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மனுஷன் மோசமில்லை, முகம் சுருங்கித்தான் போயிற்று. ஆனால் தாள் ஆபீசுக்குப் போய் முத்திரை விழுந்துவிட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். "முதலில் சொல்லியிருந்தால்" என்றார். எல்லாரும் இதையேதான் சொல்கிறோம்.

மதிவாணன் அண்ணியிடம் சண்டை போடவில்லை. ஏன் என்று கேட்டேன். "சண்டை போட்டா போன் குடுக்க மாட்டாங்கண்ணே" என்றான்.

ஜூலை 9, புதன்

பார்க்கக்கூடாது என்றுதான் இருக்கிறேன். ஆனால் குழாயடி என் அடுப்பங்கரை ஜன்னலுக்கு நேரே இருக்கிறது.

கஸ்தூரி தினமும் ஒன்று செய்கிறாள். இரண்டு விரலைக் காட்டி, ஒன்றை மடக்குகிறாள். இவன் தலையை அசைக்கிறான். முடியாது. அவள் மறுபடி இரண்டைக் காட்டி, ஒன்றைப் பாதி மடக்குகிறாள். சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி. பிறகு இரண்டு விரலையும் சேலை முந்தானையில் மறைத்துக்கொண்டு அழுகிறாள். சத்தம் கிடையாது. எல்லாம் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. கண்ணீர் எங்கே ஆரம்பித்து எங்கே விழுகிறது என்பது வரைக்கும் தெரிகிறது.

ஜூலை 11, வெள்ளி

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மதிவாணன் வந்து நின்றான்.

"என்னா மாப்ளே, உரிக்க வந்தியா, அழ வந்தியா? ரெண்டுக்கும் இதுதான் இடம்."

"அண்ணே, ஒன்னு கேக்கணும்."

"கேளு."

"என் லைனைப் பழையபடி மெதுவா வச்சிருங்கண்ணே."

கத்தியைக் கீழே வைத்தேன்.

"கூப்பிடாம இருக்க முடியல. கூப்பிட்டாப் பாக்க முடியல. மொதல்ல மாதிரி உடைஞ்சு உடைஞ்சு தெரிஞ்சாப் போதும். அவ இருக்கான்னு தெரியும். என்ன சொல்றான்னு தெரிய வேணாம்."

என் போன் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒரு பொட்டு. ஒரு தட்டு. அவன் கேட்பது அவனுடைய லைன், அவனுடைய மனைவி, அவனுடைய கண். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல நான் யார்? ஆனால் பொட்டு சிவப்பானால் அந்தப் பக்கம் கஸ்தூரி மறுபடி போனைத் தட்டித் தட்டிப் பார்ப்பாள். அண்ணி வந்து போனை வாங்கிக்கொள்வாள்.

"பெட்டி நம்ம பேச்சைக் கேக்குமா மாப்ளே? அதெல்லாம் ஷாமளாதான் வரணும். அவ இப்ப வர மாட்டா. என் கையில ஒன்னும் இல்ல" என்றேன்.

நம்பினான். ஏன் நம்பமாட்டான்? ஒரு மாதமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அது உண்மையாக இருந்தது.

அவன் போன பிறகு போனை எடுத்துப் பார்த்தேன். பச்சை. தெரியாமல் விரல் பட்டுவிடப் போகிறது என்று பயந்து உடனே மூடினேன்.

செய்தது சரியா? அங்கம்மாவிடம்கூடக் கேட்கவில்லை.

ஜூலை 12, சனி

கூப்பிடவில்லை அவன். ஏழு மணிக்குப் போன் அடித்தது, அந்தப் பக்கத்திலிருந்து. எடுக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

இன்றும் குழாயடியில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன். கடைசியில் அவனே கூப்பிட்டான்.

கஸ்தூரி வந்தாள். இரண்டு பேரும் கையைத் தூக்கவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு விரல் எதுவும் மடங்கவில்லை. வெகுநேரம் கழித்து அவள் ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டு போனாள். சாப்பிட்டாயா.

சாப்பிட்டேன் என்று இவன் காட்டினான்.

பொய். பானையை இறக்கவே இல்லை நான். அவளும் நம்பவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, சோற்றைக் கண்ணால் பார்க்காமல் நகரமாட்டேன் என்கிற மாதிரி உட்கார்ந்துவிட்டாள். தட்டு நிறையப் போட்டு, மேலே மீன்குழம்பு ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். "மாப்ளே, உன்னாலதான் எனக்கு கெட்ட பேரு. பட்டினி போடறேன்னு நினைச்சிருக்கும் அந்தப் பொண்ணு" என்றேன். லேசாகச் சிரித்தான்.

போனைக் குழாயில் சாய்த்து வைத்துக்கொண்டு சாப்பிட்டான். அவள் கடைசி வாய் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.